சபையில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு எழுத்தில் விதி வேண்டுமா?

வேர்த்தடம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளியை நான் கவனித்துக்கொள்கிறேன். பாலியல் துன்புறுத்தலிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்க எழுத்தில் ஒரு விதிமுறை வேண்டும் என்று கமிட்டியில் கேட்டேன். "நம் சபையில் அப்படிப்பட்டவர்கள் யார் இருக்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எடுக்கப் போகிறேன். இந்த முறை வெறுங்கையோடு போக மனமில்லை.

உங்கள் சபைகளில் என்ன விதி இருக்கிறது, அதில் எது உண்மையில் கடைப்பிடிக்கப்படுகிறது, எது காகிதத்தோடு நின்றுவிட்டது என்று சொல்லுங்கள். புகார் வந்தால் யார் யாரிடம் போவது என்பதில்தான் எனக்குக் குழப்பம் அதிகம். எந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலும் எழுதலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: உங்கள் சபையின் பெயரோ, ஒரு பிள்ளையை அடையாளம் காட்டும் விவரமோ வேண்டாம்.

பழைய மூப்பர்

சகோதரி, உங்கள் பாரம் புரிகிறது. ஆனாலும் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சபை என்பது குடும்பம். பல்லாண்டாக ஊழியம் செய்கிற ஒருவரிடம் போய், இனிமேல் நீங்கள் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்று சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும்? ஊழியத்துக்கு ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலம் இது.

பொய்யாக ஒரு புகார் எழுந்தால் அந்த மனிதனின் வாழ்க்கை அதோடு போயிற்று. மூப்பனுக்கு விரோதமான பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறது. சபைக்குள் பேசித் தீர்க்க வேண்டியதைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தவறாக நினைக்க வேண்டாம். நானும் பேரப்பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்புகிறவன்தான்.

கைவிளக்கு

மூப்பர் ஐயா, நான் குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் வெளிப்படையாகக் கேட்டது நல்லது. ஏறக்குறைய எல்லாச் சபைகளிலும் இதே கேள்விகள்தான் மனதுக்குள் கிடக்கின்றன.

பிள்ளைகளுக்கு இந்தக் கொடுமையைச் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்கள், குடும்பம் நம்புகிறவர்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கத்தான் அவர்கள் முதலில் உழைக்கிறார்கள். பெற்றோரில் ஒருவர் வெளியூரில் இருக்கிற வீடு, நோயோ கடனோ இருக்கிற வீடு, பேச்சுத் துணை இல்லாத பிள்ளை என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். பெற்றோருக்கு உதவி செய்வார்கள். பிள்ளைக்குச் சின்னப் பரிசு, தனிச் செல்லப்பெயர், "நீ மற்றவர்களைப் போல இல்லை" என்ற பாராட்டு எல்லாம் கிடைக்கும். பிறகு ஒரு சின்ன விதிமீறல், "இது நமக்குள் இருக்கட்டும்" என்று ஒரு ரகசியம். யதார்த்தம்போலத் தொட்டுப் பார்ப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அடுத்த படிக்குப் போவார்கள். குற்றம் நடக்கும் நாளில் பிள்ளையின் பக்கம் நிற்க ஆளில்லாதபடி எல்லாம் முன்கூட்டியே அமைந்திருக்கும்.

சபையில் இதற்கு மேலும் ஒரு பலம் சேர்ந்துகொள்கிறது. அவர் கடவுளின் பெயரால் பேசுகிறவர். அவருக்கு எதிராகப் பேசினால் கடவுளுக்கு எதிராகப் பேசியதாகிவிடும் என்று பிள்ளை நம்பிவிடும்.

ஆகவே ஆளைப் பார்த்து நல்லவரா கெட்டவரா என்று கண்டுபிடிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. இது பயிற்சி பெற்றவர்களுக்கும் முடியாத காரியம். விதி ஆளை அளப்பதில்லை. தனிமை, பூட்டிய கதவு, ரகசியம் ஆகிய மூன்றும் ஒரு பிள்ளையைச் சுற்றிச் சேராமல் பார்த்துக்கொள்கிறது. போதகர் முதல் புதிதாக வந்த வாலிபர் வரை எல்லோருக்கும் அது ஒன்றேயாக இருந்தால் அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

தனிமரம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கைவிளக்கு எழுதியதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. என் கதையை யாரோ எழுதியதுபோல இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது பாடகர் குழுவை நடத்தியவர் எனக்கு அதைச் செய்தார். என்ன செய்தார் என்று எழுதப் போவதில்லை. எப்படி நடக்க முடிந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன், அது உங்கள் கமிட்டிக்குப் பயன்படும். பாட்டுப் பயிற்சி முடிந்ததும் எங்களை வண்டியில் ஏற்றிப்போய் வீட்டுக்கு வீடு இறக்கிவிடுவார். கடைசியாக இறங்குவது எப்போதும் நான்தான். இத்தனைக்கும் எங்கள் வீடு கடைசி வீடு இல்லை, பாதி வழியிலேயே வந்துவிடும். வழியை அவர் அப்படி வைத்துக்கொண்டார். யாரும் அதைக் கேட்டதில்லை, ஏனென்றால் அது உதவி. அப்பா வேலைக்காக வெளியூரில் இருந்தார். அந்த மனிதர் எங்களுக்குச் செய்த உபகாரத்துக்காக அம்மா தினமும் இரவு அவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். அந்த ஜெபத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை எப்படி வாயைத் திறக்கும்?

பெரியவனான பிறகு அப்போதைய போதகரிடம் சொன்னேன். அவர் அழுதார், என்னோடு முழங்காலில் நின்றார். அப்புறம் "மன்னித்துவிடு தம்பி, இல்லாவிட்டால் கசப்பு உன்னைத்தான் தின்னும்" என்றார். அடுத்த ஞாயிறும் அந்த ஆள் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

மூப்பர் ஐயா, அந்தப் போதகர் கெட்டவர் இல்லை. என்ன செய்வது, யாருக்குப் போன் பண்ணுவது, எத்தனை மணி நேரத்துக்குள் என்று அவர் கையில் எதுவும் இல்லை. தெரிந்தது ஜெபம், அதைச் செய்தார். வேறு எத்தனை பிள்ளைகள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொய்ப் புகாரைப் பற்றிக் கேட்டீர்கள். உண்மையைச் சொல்வதற்கே எனக்குப் பாதி ஆயுள் ஆனது, ஐயா.

கைவிளக்கு

தனிமரம் தம்பி, நீங்கள் எழுதியதை நம்புகிறேன். எழுதியதற்கு நன்றி. இதற்கு மேல் இங்கே எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

மற்றவர்களுக்கு ஒரு தகவல். ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நடந்த சிறுவர் பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் 2013 முதல் 2017 வரை இயங்கியது. பாதிக்கப்பட்டவர்கள் 8,000க்கும் மேற்பட்டோரைத் தனித்தனியாகச் சந்தித்துக் கேட்டது. நடந்ததை முதன்முதலாக வாய் திறந்து சொல்ல அவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. "அப்போதே ஏன் சொல்லவில்லை" என்று கேட்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பிள்ளைகள் வேண்டுமென்றே பொய்ப் புகார் சொல்வது நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது குறைவு. சொல்லாமலே போவதுதான் மிகுதி.

கறுப்பு அங்கி

நான் வழக்கறிஞர். "உள்ளேயே பேசித் தீர்ப்போம்" என்பது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்க்க வேண்டும். கமிட்டியில் எடுத்து வைக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு சாட்சி விதியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அதே ஆணையம், இந்த விதியைக் கடைப்பிடித்த யெகோவாவின் சாட்சிகள் என்ற மத அமைப்பை 2015இல் விசாரித்தது. 1950 முதல் 1,006 பேர்மீது சிறுவர் பாலியல் குற்றச்சாட்டுகள் அவர்களுடைய கோப்புகளில் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அந்த அமைப்பு தானாகக் காவல்துறையிடம் தெரிவிக்கவில்லை. இந்தக் குற்றம் சாட்சி இல்லாத இடத்தில்தான் செய்யப்படும். சாட்சி கொண்டுவா என்று பிள்ளையிடம் கேட்பது, புகாரை ஏற்க மாட்டோம் என்று சொல்வதற்குச் சமம்.

இங்கிலாந்தில் ஜான் ஸ்மைத் என்ற வழக்கறிஞர். குருவானவர் இல்லை, கிறிஸ்தவ இளைஞர் முகாம்களை நடத்திய சபை விசுவாசி. முகாம்கள் மூலம் அறிமுகமான பையன்களைக் கொடூரமாகத் துன்புறுத்தினார். 1982லேயே உள்ளுக்குள் ஒரு அறிக்கை எழுதப்பட்டது, காவல்துறைக்குப் போகவில்லை. அவர் 1984இல் ஜிம்பாப்வேக்குப் போய் அங்கேயும் முகாம் நடத்தினார். 2018இல் வழக்கைச் சந்திக்காமலே இறந்தார். பாதிக்கப்பட்டவர்கள் 100க்கும் மேல். 2024 நவம்பரில் இது பற்றிய சுயாதீன அறிக்கை வந்த சில நாட்களில், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். 1982இல் ஒருவர் காவல்துறையிடம் போயிருந்தால் ஜிம்பாப்வே பையன்கள் தப்பியிருப்பார்கள்.

"எங்கள் சபை சுதந்திரமான சபை, மேலே யாரும் இல்லை" என்பவர்கள் அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபைகளைப் பார்க்கட்டும். ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது, எங்களால் தலையிட முடியாது என்று தலைமைக் குழு ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 700க்கும் மேற்பட்டோரின் பட்டியல் அதே தலைமை அலுவலகத்திலேயே இருந்தது 2022 மே மாத அறிக்கையில் வெளியே வந்தது. பட்டியல் இருந்தும் சபைகளுக்கு எச்சரிக்கை போகவில்லை. ஒரு சபையில் நீக்கப்பட்டவர் அடுத்த சபையில் போய் உட்கார இதைவிட என்ன வசதி வேண்டும்?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில், இப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்தாலே காவல்துறைக்குத் தெரிவிப்பது எல்லோருக்கும் கடமை (19ஆம் பிரிவு). மறைத்தால் தண்டனை உண்டு (21ஆம் பிரிவு). மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்கே வரும் பிள்ளைக்குச் செய்தால் அது கூடுதல் தண்டனைக்குரிய குற்றம். வேறு நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைக் கேட்டறிந்து விதிமுறையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத நாட்டிலும் தெரிவிக்கத் தடை எதுவும் இல்லை.

எளிய ஆயன்

நான் ஒரு சபையின் போதகர். வேத வசனத்தைப் பற்றி மட்டும் மூப்பர் ஐயாவிடம் பேச விரும்புகிறேன்.

1 தீமோத்தேயு 5:19 சபை ஒழுங்கைப் பற்றியது. ஒருவரைச் சபை குற்றவாளி என்று தீர்ப்பதற்கு முன் தேவைப்படும் கவனம் அது. காவல்துறையிடம் தெரிவிக்கும்போது நாம் யாரையும் தீர்ப்பதில்லை. விசாரிக்கத் தெரிந்தவர்கள் விசாரிக்கட்டும் என்று ஒப்படைக்கிறோம், அவ்வளவுதான். அதற்கு அடுத்த வசனத்தையும் படியுங்கள்: பாவம் செய்த மூப்பரை எல்லோருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், வயல்வெளியில் யாருமில்லாத இடத்தில் கெடுக்கப்பட்ட பெண்ணிடம் சாட்சி கேட்கப்படவில்லை. அவள் கூப்பிட்டிருப்பாள், காப்பாற்ற ஆளில்லை என்று நியாயப்பிரமாணமே அவள் பக்கம் நிற்கிறது. ரோமர் 13இல் தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் பொறுப்பை அதிகாரத்துக்குக் கொடுத்ததும் தேவன்தான்.

எனக்கு இந்த விஷயத்தில் அதிகம் உறுத்துவது 2 சாமுவேல் 13. தாவீது ராஜாவின் மகள் தாமாரை, அவருடைய இன்னொரு மனைவியின் மகன் அம்னோன் கெடுத்துவிடுகிறான். அதை அறிந்த அவளுடைய உடன்பிறந்த அண்ணன் அப்சலோம், "அவன் உன் சகோதரன், சும்மா இரு" என்கிறான். தாவீது கோபப்படுகிறார், அதோடு சரி. அம்னோன்மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை. அந்த வீடு அதற்குப் பிறகு எப்படிச் சிதைந்தது என்று உங்களுக்குத் தெரியும். பிரசங்க பீடத்தில் அந்தப் பகுதியை எத்தனை பேர் பேசக் கேட்டிருக்கிறீர்கள்? நான் பேசினேன். ஆராதனை முடிந்து ஒரு வயதான தாயார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட விதிகளையும் சொல்கிறேன். என் அறைக் கதவில் கண்ணாடி உண்டு. பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும்போது அந்தக் கதவுக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்திருப்பார். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நான் தனிச் செய்தி அனுப்புவதில்லை. பெற்றோர் இருக்கும் குழுவில்தான் எழுதுவேன். என்மேல் புகார் வந்தால் என்னிடமோ என் மனைவியிடமோ வர வேண்டியதில்லை, எங்களுக்குத் தெரிவிக்காமலே போகக்கூடிய வழி சபை வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறது. இந்தக் கடைசி விஷயம் இல்லாத விதிமுறை எதுவும் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

மணியோசை

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் காயம் உலகம் அறிந்தது. 2002இல் அமெரிக்காவின் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில் குருக்கள் பங்குக்குப் பங்கு மாற்றப்பட்டது வெளிவந்தது. 2004இல் ஜான் ஜே கல்லூரியின் ஆய்வு, 1950 முதல் 2002 வரை அமெரிக்காவில் 4,392 குருக்கள்மேல் குற்றச்சாட்டு இருந்ததாகக் கணக்கிட்டது. 2021இல் பிரான்சின் சுயாதீன ஆணையம், 1950 முதல் 70 ஆண்டுகளில் குருக்களாலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்ட சிறுவர்கள் சுமார் 2,16,000 என்று மதிப்பிட்டது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் தனிமரம் போன்ற ஒருவர் இருக்கிறார்.

எங்களிடம் இப்போது விதிகள் உண்டு. 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை, தெரிந்ததைத் திருச்சபை அதிகாரியிடம் தெரிவிப்பதைக் குருக்களுக்கும் துறவியருக்கும் கடமையாக்கியது. ஆயர்களே மூடி மறைத்தாலும் அது விசாரணைக்கு உரியது. அதே ஆண்டு டிசம்பரில் இந்த வழக்குகளுக்கு இருந்த 'திருத்தந்தை ரகசியம்' நீக்கப்பட்டது. அதனால் நாட்டுச் சட்டம் கேட்கும் ஆவணத்தை ரகசியம் என்று சொல்லி மறுக்க முடியாது. ஆனால் மறைமாவட்ட இணையதளத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி போட்டுவிட்டு, அதைத் திறந்து பார்க்க ஆள் வைக்காவிட்டால் என்ன பயன்? விதி எழுதுவது ஒரு மாலை வேலை. ஒவ்வொரு ஆண்டும் உட்கார்ந்து சரிபார்க்க ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றி, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள், நானே சொல்லிவிடுகிறேன். அங்கே கேட்டதை வெளியே சொல்லாத ரகசிய முத்திரையைக் குரு உடைக்க முடியாது என்பது எங்கள் திருச்சபைச் சட்டம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தைப் போன்ற இடங்களில் 2020 முதல் அதற்கும் சட்ட விலக்கு இல்லை. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பாதிக்கப்பட்ட பிள்ளை அங்கே சொன்னால், "வெளியே வந்து இதையே என்னிடம் இன்னொரு தடவை சொல்வாயா, நான் உன்னோடு கூடவே வருகிறேன்" என்று குரு கேட்கலாம். பிள்ளைகளின் பாவசங்கீர்த்தனத்தை ஆலயத்தின் நடுவில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில், காதுக்கு மட்டும் எட்டாதபடி கேட்கலாம். அதற்குப் பூட்டிய அறை தேவையே இல்லை.

சிறுமலர் அம்மா

நான் பெரிய விஷயங்கள் தெரிந்தவள் இல்லை. இரண்டு பிள்ளைகளின் அம்மா, ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்புக்கு உதவி செய்கிறேன். எங்கள் சபையில் எது வேலை செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர். அவர்கள் கணவன் மனைவியாகவோ ஒரே வீட்டாராகவோ இருந்தால் மூன்றாவதாக ஒருவர். ஒருவர் வரவில்லை என்றால் அந்த வகுப்பை இன்னொரு வகுப்போடு சேர்த்துவிடுவோம். ஆரம்பத்தில் இதற்கு முணுமுணுப்பு இருந்தது, இப்போது பழகிவிட்டது.

கழிப்பறைதான் எல்லோரும் மறக்கிற இடம். எங்கள் கழிப்பறை கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது, வகுப்பிலிருந்து பார்த்தால் தெரியாது. முன்பெல்லாம் "போய்ட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். இப்போது வகுப்பு தொடங்குமுன் பெற்றோரே கூட்டிப்போய் வர வேண்டும். நடுவில் போக வேண்டும் என்றால் இரண்டு மூன்று பிள்ளைகளாகச் சேர்த்து ஒருவர் கூட்டிப்போவார். வெளிக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார், உள்ளே போக மாட்டார். சின்னப் பிள்ளைக்கு உதவி தேவைப்பட்டால் அம்மா அப்பாவைக் கூப்பிடுவோம். ஆராதனையில் இருந்து எழுந்து வர வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்வார்கள், வரட்டும்.

வகுப்பு முடிந்தால் விட்டுப் போனவரிடம்தான் பிள்ளையைக் கொடுப்போம். "அண்ணன் நான்தான்" என்று வந்தால் போதாது.

இன்னொன்று. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வதும் நடக்கிறது, எல்லோரும் பெரியவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். உதவிக்கு வரும் பதின்வயதினரை 'பெரியவர்' கணக்கில் நாங்கள் சேர்ப்பதில்லை. அவர்களும் எங்கள் பாதுகாப்பில் இருக்கிற பிள்ளைகள்தான்.

அப்புறம், "பாஸ்டர் அங்கிளுக்கு முத்தம் குடு" என்று பிள்ளையைத் தள்ளிவிடும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வேண்டாம் என்று பிள்ளை ஒதுங்கினால் விட்டுவிட வேண்டும். சபையிலேயே அதன் 'வேண்டாம்' செல்லாது என்றால் வேறு எங்கே செல்லும்?

பழைய மூப்பர்

எல்லோர் எழுதியதையும் இரண்டு தடவை படித்தேன். தனிமரம் தம்பி, உங்களுக்கு நடந்ததற்காக என் மனம் வருந்துகிறது. ஒரு மூப்பனாக அதைச் சொல்ல வேண்டியது என் கடமை.

இரண்டு பேர் விதியிலும் கழிப்பறை விதியிலும் எனக்கு இனித் தடை இல்லை. ஆனால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவர் உண்மையிலேயே செய்யாதவராக இருந்தால் அவரை எப்படி நடத்துவது? தண்டனை அனுபவித்து, மனந்திரும்பி வருகிறவரைச் சபை துரத்திவிடுமா? துரத்தினால் நாம் பிரசங்கிக்கிற சுவிசேஷத்துக்கு என்ன அர்த்தம்?

கறுப்பு அங்கி

முதல் கேள்விக்கு. விசாரணை முடியும்வரை அவர் பிள்ளைகள் பக்கம் உள்ள எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விலகி இருப்பார். அது தண்டனை இல்லை என்பதை விதிமுறையிலேயே எழுதிவிடுங்கள், யார்மேல் வந்தாலும் இதுதான் என்று. சபையில் அவர் பெயரை அறிவிப்பதா, எப்போது என்பதை விசாரிக்கும் அதிகாரிகளைக் கேட்டுச் செய்யுங்கள். அவருக்கும் குடும்பத்துக்கும் துணையாக ஒருவரை நியமிக்கலாம். பிள்ளையின் குடும்பத்தைக் கவனிப்பவரும் இவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு: இரண்டு பேர் விதி நேர்மையான ஆசிரியருக்கும் காவல்தான். கூடவே ஒருவர் எப்போதும் இருந்தால் பொய்ப் புகாருக்கு இடமே குறைகிறது.

எளிய ஆயன்

இரண்டாவது கேள்வி எங்கள் சபைக்கே வந்தது. சிறைத் தண்டனை முடித்த ஒருவர் ஆராதனைக்கு வர விரும்பினார். நாங்கள் கண்காணிப்பு அதிகாரியிடம் பேசி எழுத்தில் ஒரு உடன்படிக்கை போட்டோம். எந்த ஆராதனைக்கு வருவார், எங்கே உட்காருவார், வாசலில் நுழைவது முதல் வெளியே போவது வரை யார் கூட இருப்பார், எந்தப் பகுதிக்குள் கால் வைக்க மாட்டார் என்று எல்லாம் அதில் இருந்தது. பொறுப்பு எதுவும் ஒருநாளும் இல்லை. பாதிக்கப்பட்டவரோ குடும்பமோ அந்தச் சபையில் இருந்தால் தண்டனை முடித்து வந்தவர்தான் வேறு இடம் தேட வேண்டும், அவர்கள் இல்லை.

மூப்பர் ஐயா, மன்னிப்பும் பதவியும் வெவ்வேறு. மனந்திரும்பியது உண்மையானால் அந்த எல்லைகளை அவரே கேட்டு வாங்குவார். "என்னை நம்பவில்லையா" என்று முறைத்தால் எனக்கு அதுவே பதில். இன்னொன்று, பாதிக்கப்பட்டவரிடம் மன்னிக்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. அது அவருக்கும் தேவனுக்கும் இடையில் உள்ளது, எத்தனை காலம் ஆனாலும்.

தனிமரம்

இந்தக் கடைசி வரியை யாராவது அன்று சொல்லியிருந்தால் நான் சபையை விட்டுப் போயிருக்க மாட்டேன்.

பாதிக்கப்பட்டவர்களுக்காகச் சபை ஏதாவது செய்ய நினைத்தால், ஆலோசனைக்கான செலவைக் கொடுங்கள். ஆலோசகரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அதற்குப் பதிலாக வெளியே பேச மாட்டேன் என்று எதிலும் கையெழுத்து வாங்காதீர்கள்.

வேர்த்தடம்

நான் நினைத்ததைவிட அதிகம் கிடைத்திருக்கிறது. தம்பி, உங்களுக்குத் தனியாக நன்றி.

கைவிளக்கு, ஒன்று கேட்கிறேன். ஞாயிறு காலை, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு பிள்ளை என் பக்கத்தில் வந்து சொல்ல ஆரம்பிக்கிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் எங்கள் ஆசிரியர்கள் என்ன செய்ய வேண்டும்?

கைவிளக்கு

அக்கா, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையின் உயரத்துக்கு உட்காருங்கள். கதவு திறந்திருக்கட்டும். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். நீங்கள் பதறினால் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று பிள்ளை நிறுத்திவிடும்.

பிள்ளை பெரும்பாலும் முதலில் கேட்பது, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்பதுதான். சத்தியம் செய்யக் கூடாது. "அப்படி என்னால் சொல்ல முடியாதும்மா. உன்னைப் பத்திரமாக வைக்க உதவுகிறவர்களிடம் மட்டும் சொல்வேன். யாரிடம் என்று முதலில் உன்னிடம் சொல்லிவிடுவேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதற்குப் பிறகும் சொல்லும்.

நீங்கள் கேட்க வேண்டியது "அப்புறம் என்ன ஆச்சு?" என்பது மட்டும். "அவர் உன்னை இங்கே தொட்டாரா?", "அந்த மாமாவா?" என்றெல்லாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது. பிற்பாடு நீதிமன்றத்தில் அது பிள்ளைக்கு எதிராகத் திரும்பும். நிறுத்தினால் விட்டுவிடுங்கள். மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: சொன்னது நல்லது, நம்புகிறேன், உன் தப்பு இல்லை.

பிள்ளை போனதும் உடனே எழுதுங்கள். தேதி, நேரம், பிள்ளை பயன்படுத்திய அதே சொற்கள். 'தகாத முறையில் நடந்துகொண்டார்' என்று நாகரிகப்படுத்தாதீர்கள். கையெழுத்துப் போடுங்கள். அன்றே குழந்தைகள் நலத் துறைக்கோ காவல்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். அடுத்த கமிட்டிக் கூட்டம்வரை காத்திருக்க இது கட்டட நிதி இல்லை. அண்மையில் நடந்தது என்றால் மருத்துவமனை முதலில், அன்று போட்டிருந்த உடையைத் துவைக்க வேண்டாம்.

குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய் "இது உண்மையா" என்று கேட்கவே கூடாது. ஆதாரம் அழியும், பிள்ளை மிரட்டப்படும். சொல்லப்பட்ட ஆள் வீட்டிலேயே இருப்பவர் என்றால், யாரை எப்போது அழைப்பது என்று அதிகாரிகளைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே பிள்ளையிடம் போதகர், மூப்பர், பெண்கள் சங்கத் தலைவி என்று ஆளாளுக்குக் கேட்பதும் பெரிய கொடுமை.

கறுப்பு அங்கி

ஆள் சேர்ப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதையும் சேர்த்துவிடுங்கள். காவல்துறைச் சான்றிதழ் வாங்குங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். பிடிபட்டவரை மட்டும்தான் அது காட்டும். சபைக்கு வந்து குறைந்தது ஆறு மாதம் ஆகாதவரைப் பிள்ளைகள் ஊழியத்தில் போட வேண்டாம். அவர் முன்பு இருந்த சபைக்குக் கடிதம் எழுதாமல் போனில் பேசுங்கள். "பிள்ளைகளோடு வேலை செய்ய அவரை மறுபடியும் விடுவீர்களா?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். தயங்குகிறார்களா என்பது கடிதத்தில் தெரியாது.

பழைய மூப்பர்

சகோதரி, எங்கள் சபையிலும் நான் இதை எடுத்துப் பேசுகிறேன். எங்களுக்கு இரவு தங்கும் முகாம் ஒன்று வருகிறது. பிள்ளைகளோடு அறையில் யார் படுப்பது? தனியே விடவும் முடியாது, கூடப் படுக்கவும் கூடாது என்றால் என்ன வழி?

சிறுமலர் அம்மா

ஐயா, நாங்கள் செய்வது இது. ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கூடம், பெண்பிள்ளைகளுக்கு ஒரு கூடம், வயதுவாரியாகப் பிரித்து. பெரியவர்கள் இரண்டிரண்டு பேராகக் கூடத்துக்கு வெளியே, கதவருகில் முறைவைத்து விழித்திருப்பார்கள். யாரும் பிள்ளைகளின் படுக்கையில் உட்காருவதில்லை. உள்ளே போக வேண்டியிருந்தால் இரண்டு பேராகப் போய் விளக்கைப் போடுவார்கள். குளிக்கும் நேரம் பெரியவர்களுக்கு வேறு. உடை மாற்றும் இடத்தில் யார் கையிலும் போன் கிடையாது. பிள்ளைக்கு வீட்டுக்குப் பேச வேண்டும் என்றால் எந்த நேரமானாலும் பேசவிடுவோம், காரணம் கேட்பதில்லை. புறப்படும்முன் பெற்றோரை உட்கார வைத்து இதையெல்லாம் வாசித்துக் காட்டுவோம், பிள்ளைகளும் அங்கேயே இருப்பார்கள். இப்படி முறைவைக்கப் பெரியவர்கள் போதவில்லை என்றால் இரவு தங்கலை விட்டுவிட்டுப் பகல் முகாமாக வையுங்கள்.